கேமரன் மலையில் நான் கண்ட பனியாறு

கேமரன் மலையில் ஒரு காலத்தில் பனியாறு ஓடியது என்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போட்ட ஒரே மனிதன் நான்தான். அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. கறையான் தின்றிருந்தால் அதற்கு என் நன்றி.

நீங்கள் மண் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வானத்திலிருந்து எடுத்த படம் உங்கள் மடியில் இருக்கிறது. எந்தச் சரிவு எத்தனை டிகிரி என்று கணினியே சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் ஒரு மண்வெட்டி, ஒரு துளைக் கம்பி, ஒரு குறிப்புப் புத்தகம், அவற்றோடு அளவில்லாத தன்னம்பிக்கை. முதல் மூன்றையும் கம்பெனி கொடுத்தது. நான்காவதை நான் கனடாவிலிருந்து கொண்டுவந்தேன்.

எழுபதுகளின் நடுவில், ஈப்போவில் நான் வேலை பார்த்த சிறிய நிறுவனம் என்னை ஏழு மாதப் பயிற்சிக்குக் கனடா அனுப்பியது. கட்டடம் எழும்பும் முன் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்து, தாங்கும் அல்லது தாங்காது என்று சொல்வது அன்றும் நம் தொழில். அங்கே என்னைக் கொண்டுபோய் விட்டது ஒரு பழைய ஏரியின் அடித்தரையில். ஏரி வற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, ரொட்டி சானாய் போடுகிறவரின் மேசை மாதிரி தட்டையான நிலம். நான் பிறந்தது ரிங்லெட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். இத்தனை தட்டையான நிலத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தலைதான் சுற்றியது.

அந்த ஏரியின் ஓரத்தில் ஒரு காலத்தில் மலை உயரத்துக்குப் பனிப்பாளம் நின்றதாம். பனிப்பாளம் சும்மா நிற்பதில்லை, மெல்ல நகரும். ஏரியின் அடியில் படிந்த களிமண்மேல் ஏறியதும் அதற்கு வேகம் பிடித்துவிடும், ஈரச் சோப்பை மிதித்தவன் மாதிரி. வழுக்கிப் போகிற போக்கில் அடியிலுள்ள களியைப் பிசைந்து இழுத்து, நீண்ட வரப்புகளாகவும் கவிழ்த்த கரண்டி போன்ற மேடுகளாகவும் விட்டுச் செல்லும். மேட்டின் பருத்த முனை பனி வந்த திசையைக் காட்டும், மெலிந்த வால் அது போன திசையைக் காட்டும். பனி பின்வாங்கியதும் மறுபடி தண்ணீர் தேங்கும். கோடையில் வெளிர் வண்டல் ஓர் அடுக்கு, குளிர்காலத்தில் கருத்த களி ஓர் அடுக்கு. அடுக்குகளை ஜோடி ஜோடியாக எண்ணினால் ஏரியின் வயது வந்துவிடும். மிதக்கும் பனிக்கட்டி உருகும்போது அதில் ஒட்டியிருந்த கற்கள் பொத்தென்று விழுந்து அந்த அடுக்குகளில் புதைந்துகொள்ளும். நம் தொழிலுக்கு வேண்டிய சங்கதி கடைசியில் இருக்கிறது: அத்தனை பெரிய எடை அமுக்கிய களி, கல் மாதிரி இறுகிப்போகும். அதன்மேல் தாராளமாகக் கட்டலாம்.

இது எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஊர் திரும்பிய பிறகு, சோற்றில் சாம்பார் ஊற்றினால் அது இறங்குகிற தடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்த நிலையில்தான் என்னைக் கேமரன் மலையில், கம்போங் ராஜா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்து லயம் மிகப் பழையது. கூரை ஒழுகும், இருபத்துநான்கு குடும்பங்களுக்கு மூன்று தண்ணீர்க் குழாய். அங்கிருந்த துரை, அதாவது தோட்ட மேலாளர், அந்தக் குடும்பங்களுக்குப் புதிய வீடு கட்ட மேலிடத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தார். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர் கிளந்தான்காரர், மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். மேலாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நம்மவர்களுக்குத் துரைதான்.

அவர் காட்டிய இடம் அருமையானது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடையோரம் தட்டையான நிலம், லாலான் புல் முளைத்துக் கிடந்தது. வரைபடத்தில் பதினேழாம் நம்பர். "தேயிலை ஏனோ இதில் வருவதில்லை, அதனால் வீட்டுக்கு ஒதுக்கிவிட்டேன்" என்றார். நான் அவர் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை. என் கண் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

நிலத்தின் நடுவே ஐந்து மேடுகள். ஐந்தும் கவிழ்த்த கரண்டி. ஐந்துக்கும் பருத்த முனை மலையைப் பார்த்து, வால் ஓடையைப் பார்த்து.

குழி வெட்டச் சொன்னேன். இரண்டடிக்குக் கீழே வெளிர் அடுக்கு, கருப்பு அடுக்கு, வெளிர் அடுக்கு, கருப்பு அடுக்கு. நடுநடுவே உருண்டைக் கற்கள். குழிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லின் முகத்தில் கத்தியால் கீறியது போல இணையான கோடுகள். பனிப்பாளத்தின் அடியில் சிக்கிய கல்லில் அப்படித்தான் கோடு விழும் என்று கனடாவில் படம் காட்டியிருந்தார்கள். ஆறடியில் துளைக் கம்பி கல்லில் மோதி நின்றது. நானும் நின்றுகொண்டேன். அடுக்குகளை ஜோடி ஜோடியாக எண்ணினேன், அறுபத்துமூன்று. அறுபத்துமூன்று வருடம் வாழ்ந்த ஏரி! எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஈப்போவில் என் மேலதிகாரி ஒரு சீனர். ஐம்பது வயது, பேச்சில் மிகச் சிக்கனம். என் அறிக்கையைப் படித்துவிட்டு 'பனி' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். நான் அவர் அறைக்குள் போனேன்.

"கினபாலு மலை உச்சியில் பனியாறு இருந்ததற்குத் தடயம் இருக்கிறதே, சார். இங்கே மட்டும் ஏன் இருக்கக் கூடாது?"

"கினபாலு இதைப்போல இரண்டு மடங்கு உயரம்" என்றார்.

"களிமண் பொய் சொல்லாது, சார்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். களிமண்ணைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு தொலைபேசி மணி அடித்தது, அவர் அதை எடுத்தார், நான் வெளியே வந்துவிட்டேன். அறிக்கை அப்படியே போய்ச் சேர்ந்தது: பழைய ஏரித்தரை, பனியால் இறுகிய களி, வீடு கட்ட ஏற்றது.

இரண்டு மாதம் கழித்து, அடிக்கல் நாட்டுவதற்கு நான்கு நாள் முன்பு, வியாழக்கிழமை மறுபடி போனேன். வீடுகளின் மூலைகளுக்கு முளைக்குச்சி அடித்திருந்தார்கள். இரண்டு குச்சிகளுக்குக் கீழே மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஆட்களை வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஒரு பெண்மணி வந்து, என் அருமை மேடுகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்து, தேத்தண்ணீர் போத்தலைத் திறந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்ன தம்பி தோண்டுறீங்க, தங்கமா?"

"மண்ணு பாக்குறேங்க்கா. வீடு கட்டப் போறாங்கல்ல."

"ஓ, கனடாவுல படிச்சவரு நீங்கதானா! ஒண்ணாம் நம்பர் வீடு எனக்குத்தான், தெரியுமா? எந்த ஊரு நீங்க?"

"ரிங்லெட் பக்கம் தோட்டம்தான். அப்பா தேயிலை ஆலையில வேலை செஞ்சாரு."

"அட, நம்ம புள்ளையா நீ!" என்றார். அந்த நொடியிலிருந்து எனக்குக் கிடைத்துவந்த 'ங்க' போய்விட்டது. "அப்ப சொல்லு, கீழ என்ன இருக்கு?"

கேட்டவர் ஒருவர் கிடைத்த மகிழ்ச்சியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி, பனிப்பாளம், வழுக்கல், அவர் உட்கார்ந்திருந்த மேடு உருவான விதம்.

"பனிக்கட்டின்னா, ஐஸ் கச்சாங்ல போடுவாங்களே, அதா?"

"அதேதான்க்கா. மலை அளவுக்கு."

அவர் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அது எப்ப தம்பி? ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடிக்கா."

"அப்டியா. அப்ப எனக்கு எட்டு வயசு."

தோண்டிக்கொண்டிருந்த இருவரும் மண்வெட்டியை ஊன்றிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று புரியாமலே. அவர் போத்தல் மூடியில் ஊற்றிய தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஜப்பான்காரன் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, நாலு நாள் விடாத மழை. மத்தியானம் அந்த மலை அப்டியே வழுக்கிக்கிட்டு வந்துச்சு. இந்த மேடெல்லாம் மேல இருந்து வந்த மண்ணுதான். ஓடைய அடைச்சிருச்சு. தண்ணி போக வழியில்லாம இங்கயே கெடந்துச்சு, ஜப்பான்காரன் போற வரைக்கும். அரிசி கெடைக்காத காலம். இந்தத் தண்ணில புடிச்ச மீனத் தின்னுதான் நாங்க உசுரோட இருந்தோம். அப்புறம் வெள்ளைக்காரத் தொர திரும்பி வந்து, கல்ல எல்லாம் சங்கிலி கட்டி இழுத்துப் போட்டு, வாய்க்கா வெட்டித் தண்ணிய எறக்கி விட்டாரு."

சங்கிலி என்றதும் என் கோடு விழுந்த கல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"அக்கா, மண்ணுல அறுபத்துமூணு ஜோடி அடுக்கு இருக்கு. அறுபத்துமூணு வருஷமாவது தண்ணி நின்னாத்தான் அது வரும்."

"ஒவ்வொரு பெரிய மழைக்கும் தண்ணி செவப்பா வரும், அப்புறம் தெளியும். வருஷத்துக்கு எத்தன மழை பெய்யுது இங்க? நீ ரிங்லெட்டுலதான பொறந்த?"

நான்கு பருவம் உள்ள நாட்டில் எண்ணக் கற்றுக்கொண்டதை, தினம் மத்தியானம் மழை கொட்டுகிற ஊரில் எண்ணியிருக்கிறேன்.

"நம்பலைன்னா இன்னும் கீழ தோண்டிப் பாரு லா. எங்க தேயில இருக்கும்."

இந்தக் குழியிலும் ஆறடியில் ஒரு கல் தட்டியிருந்தது, அதைச் சுற்றித் தோண்டச் சொன்னேன். எட்டடியைத் தாண்டியதும் அடுக்குகள் முடிந்து கரிய மண் வந்தது. அதில் ஒரு கட்டை. நானே குழிக்குள் இறங்கி விரலால் மண்ணைத் தள்ளினேன். தேயிலைத் தூர். கிளைகள் எல்லாம் ஒரே உயரத்தில், சாய்வாக, கூர்மையான கத்தியால் வெட்டுப்பட்டிருந்தன. தேயிலைச் செடியை உயரம் குறைத்து வெட்டுகிற கவ்வாத்து வெட்டு. தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

மேலிருந்து அஞ்சலை எட்டிப் பார்த்தார். "பனிக்கட்டி காலத்துல கவ்வாத்து வெட்டுனது யாரா இருக்கும் தம்பி? எங்கப்பாவா இருக்குமோ?"

அந்த நேரம் மற்ற இருவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை. குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது குழியின் விளிம்பும், விளிம்பில் ஒரு முளைக்குச்சியும், அதன் பின்னால் அந்த மலையும் தெரிந்தன. பனி அமுக்கி இறுக்கிய களி என்று நான் எழுதியது, முப்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முன் வந்து விழுந்த சேறு. அதன்மேல் இருபத்துநான்கு வீடு.

"ஏங்க்கா, இதெல்லாம் தெரிஞ்சும் நீங்க யாரும் ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா? அதோட, கனடாவுல படிச்சவரு பாத்துட்டாரு, எடம் நல்லாருக்குன்னு ஆபீசு கிராணி சொன்னாரு. சரிஞ்ச காட்டுல வீடாடான்னு எங்களுக்கும் மொதல்ல யோசனதான். படிச்ச புள்ளைக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு இருந்துட்டோம்."

"என்ன காடு?"

"சரிஞ்ச காடு. இந்த நெலத்துக்குப் பேரு அதான். நீ என்னன்னு சொல்லுவ?"

"பதினேழாம் நம்பர்" என்றேன்.

மலையைப் பார்க்க வேண்டும் என்றதும் அவரே முன்னால் ஏறினார். சரிவில் பாதி தூரம் போனதும் நின்று, "இங்க கால பாத்து வை" என்றார். தேயிலை வரிசைக்குக் குறுக்கே ஒரு பிளவு போயிற்று. பிளவுக்குக் கீழ்ப்பக்கம் நிலம் முழங்கால் அளவு இறங்கியிருந்தது. அதன் ஓரத்துச் செடிகள் எல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தன. "போன வருஷம் கணுக்கால் அளவுதான் இருந்துச்சு" என்றார். அவர்களுக்கு அது கொழுந்து பறிக்கும்போது தாண்டிப் போக வேண்டிய ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

அலுவலகத்துக்கு வந்து ஈப்போவுக்குத் தொலைபேசி போட்டேன். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பக்கத்து மேசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் இருந்தார். மேலதிகாரியிடம் தேயிலைத் தூரைப் பற்றியும் பிளவைப் பற்றியும் சொன்னேன்.

"எத்தனை வீடு?"

"இருபத்துநாலு, சார்."

"அறிக்கை யாருடையது?"

"என்னுடையது."

"அப்படியானால் நீயே துரையிடம் போய்ச் சொல். நான் கேள்விக்குறி போட்டதோடு நின்றுவிட்டேன், அது என்னுடைய தவறு. அதையும் சேர்த்துச் சொல்."

வைத்துவிட்டார். என் பிழையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளவும் இல்லை, என்னைத் தனியே விடவும் இல்லை. அவரை நான் பிறகு இருபது வருடம் பார்த்தேன். இந்தப் பேச்சை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. அலுவலகத்தில் மற்றவர்கள் எனக்குப் 'பனியாறு' என்று பெயர் வைத்துக் கூப்பிட்டபோது மட்டும் லேசாக இருமுவார்.

துரை கத்துவார் என்று நினைத்துப் போனேன். அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த வீட்டு வரைபடத்தைக் கையால் தடவிக்கொண்டே பேசினார்.

"திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார். இப்போது நிறுத்தினால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை விழுந்த மலைதானே? வாய்க்காலை ஆழமாக வெட்டிவிட்டால் போதாதா?"

"வாய்க்கால் தண்ணீருக்குத்தான், துவான். மலைக்கு இல்லை."

"மறுபடி விழுமா?"

"மேலே பிளவு இருக்கிறது."

"எப்போது விழும்?"

"தெரியாது."

"நூறு வருடம் விழாமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"இரண்டு மாதத்துக்கு முன் நீங்கள்தான் கல் மாதிரி மண் என்று எழுதிக் கொடுத்தீர்கள். இன்று சேறு என்கிறீர்கள். எந்த நீங்கள் சொல்வதை நான் கேட்பது?"

இந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பாடத்திலும் இல்லை. உங்களிடமும் ஒரு நாள் யாராவது கேட்பார்கள். கேட்கும்போது உங்கள் காது சூடாகும். விளக்கம் சொல்லத் தொடங்குவீர்கள், அந்த விளக்கத்தில் உங்கள் பெயரைக் காப்பாற்றும் முயற்சி கொஞ்சம் கலந்துவிடும். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது: கனடாவில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், களியின் தோற்றம் ஏமாற்றிவிட்டது, இன்னும் என்னென்னவோ. நல்லவேளையாக வாய் வறண்டிருந்தது.

"அன்றைக்கு எழுதியது தவறு, துவான்" என்றேன். "அந்த ஒண்ணாம் நம்பர் வீட்டை எனக்கே கொடுத்தாலும், மழைக்காலத்தில் என் மனைவியை அங்கே தூங்கவைக்க மாட்டேன்."

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். கோலா தெர்லா பக்கமிருந்து காய்கறி லாரி ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்து, கடந்து போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிராணியைக் கூப்பிட்டு, செங்கல் லாரியை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கிராணி செய்தியைச் சொன்னபோது நானும் அங்கே நின்றேன். எனக்கு நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"கனடாக்காரு மொத தடவ வந்தாரு, வீடு வந்துச்சு. ரெண்டாவது தடவ வந்தாரு, வீடு போச்சு" என்றார் பின்வரிசையில் ஒருவர். "மூணாவது தடவ வராம இருந்தா இருக்குற லயமாவது மிஞ்சும்."

அஞ்சலை சிரிக்கவில்லை. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் பழைய கதை சொன்னேன் தம்பி. வீடு வேணாம்னு சொன்னேனா?"

"அக்கா, மேல அந்தப் பிளவு..."

"பொளவு மேல இருக்கு. என் கூரையில ஓட்ட இருக்கே, அத வந்து பாத்தியா? மழ வந்தா நாலு பேசன் வைக்கிறேன். ஜன்னலுக்குத் துணிகூட எடுத்துத் தச்சு வச்சுட்டேன், செவப்புப் பூ போட்டது. இப்ப அத எங்க மாட்ட?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் என்னைக் கண்டால் பாதை மாறிப் போய்விடுவார்.

நான்கு வருடம் ஆயிற்று. அந்த நான்கு வருடமும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நான் ஈப்போவில் உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டுவேன். மலை விழவில்லை. விழக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன், சத்தியமாக. ஆனால் மனித மனம் இருக்கிறதே, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பகலில், ஓரமாக, கொஞ்சூண்டு விழுந்தால்கூடத் தேவலை என்று ஒரு மூலையில் நினைத்தது. துரை அந்த நிலத்தை முட்டைக்கோசு போடுகிறவருக்குக் கொடுத்திருந்தார். அப்படி ஒரு முட்டைக்கோசை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. நான் அந்த வழியாகப் போகும்போது ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

சொல்லிவிடுகிறேன், நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அந்த மலை விழவில்லை. பிளவுக்கு மேலும் கீழும் மூங்கில் வைத்தார்கள், மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி விட்டார்கள். அதனால் நின்றதா, தானாகவே நின்றதா, நான் சொன்ன எச்சரிக்கையே மிகையா என்று எனக்குத் தெரியாது. இருபத்துநான்கு குடும்பத்தைக் காப்பாற்றினேனா, அல்லது நான்கு வருடம் ஒழுகுகிற கூரைக்கடியில் உட்காரவைத்தேனா? இரண்டையும் செய்திருக்கலாம். சரியான அறிக்கைக்கு அத்தாட்சியாக ஒரு மலை விழுந்து காட்டும் என்று நீங்கள் காத்திருக்காதீர்கள். அன்று கண்ணில் பட்டதை வைத்து அன்று சொல்ல வேண்டியதுதான். பிறகு முட்டைக்கோசின் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி அனுமதி வந்தது. இந்தத் தடவை வேறு இடம், ஆலைக்கு மேலே உள்ள முகடு. மண் பார்க்க யாரை அனுப்பலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது என் மேலதிகாரி தலை நிமிராமல் என் பெயரைச் சொன்னார்.

அந்த முகட்டில் நான் ஆறு குழி வெட்டினேன். ஒவ்வொன்றும் அசல் பாறை தட்டுகிற வரை. அது பாதி வேலை. மீதிப் பாதிக்கு வீடு வீடாகப் போனேன். இந்த மேட்டுக்கு என்ன பேர், இங்கே முன்பு என்ன இருந்தது, தண்ணீர் நின்றதா, மண் சரிந்ததா, மரம் சாய்ந்ததா என்று கேட்டேன். கிராணியிடம், கோயில் பூசாரியிடம், பால் மாடு வைத்திருந்தவரிடம், வேலையை விட்டு நின்றுவிட்ட பழைய கங்காணியிடம். முன்பு என்னைக் கிண்டல் செய்த பின்வரிசைக்காரர் கதவைத் திறந்ததும், "ஐயோ, மண்ணு பாக்க மூணாவது தடவையும் வந்துட்டாரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். ஆனால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: காற்று அதிகம், மற்றபடி ஒன்றும் இல்லை. அஞ்சலை வீட்டுக் கதவு மட்டும் நான் போன மூன்று முறையும் சாத்தியிருந்தது. நான்காவது முறை தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

வீடுகள் எழும்பின. பால் காய்ச்சுகிற நாளில் எனக்கும் ஈப்போவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனேன். ஒவ்வொரு வீடாகத் தலையைக் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தபோது, ஒரு வாசலில் அஞ்சலை நின்றார். இந்தத் தடவை ஒதுங்கவில்லை.

"உள்ள வா தம்பி."

தம்ளரில் பாலைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது, எல்லாரும் சொன்ன மாதிரி.

"மல இன்னும் வரலியே தம்பி?"

"வரலைக்கா."

"வராமயே இருக்கட்டும்." பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார், என்னைத் தட்டிப் பார்ப்பது போல. "இந்த மேட்டப் பத்தி லயம் பூரா கேட்டியாமே? மாட்டுக்காரன்கிட்டகூட கேட்டியாமே?"

"ஆமாங்க்கா. எல்லார்கிட்டயும் கேட்டேன்."

"எங்கிட்ட மட்டும் கேக்கல."

ஆறு குழி, அசல் பாறை, அத்தனை பேர் சொன்ன சாட்சி, எல்லாம் ஒரு நொடியில் காலுக்கடியில் ஆடியது. தம்ளரைக் கீழே வைத்தேன். "ஏங்க்கா, இங்க என்ன இருந்துச்சு?" என்றேன்.

அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றார். "நல்ல மேடுதான். எங்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? பாலக் குடி, ஆறுது."